கடனுக்கு இறங்கிய பள்ளத்தாக்கு

என் பயணக் கணக்கு நோட்டில் 23 தலைப்புகள் இருந்தன. விமான டிக்கெட், தடுப்பூசி, அறை வாடகை என்று தொடங்கிக் கழிப்பறைக் காகிதம் வரை எழுதி வைத்திருந்தேன். கோவேறு கழுதை என்று ஒரு வரி இல்லை. கடைசியில் அதற்குப் பெரு நாட்டுப் பணத்தில் 70 சோல் கொடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் கொடுத்த பணத்திலேயே மிக நியாயமான செலவு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 46. தம்பிக்கு 39, சென்னையில் வேலை. 2024 ஜூன் மாதம் நாங்கள் இருவரும் பெரு நாட்டின் தெற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரில் இருக்கும் கொல்கா பள்ளத்தாக்கில் மூன்று நாள் நடந்தோம். பெரு என்றால் எல்லோரும் போவது இன்கா மக்கள் கட்டிய பழைய மலைநகரமான மச்சு பிச்சு. அதற்கு நடந்து போகும் இன்கா பாதையில் சுமைதூக்கிகளையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் போகமுடியும், மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும், கட்டணம் பல நூறு டாலர். கொல்காவில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நுழைவுச் சீட்டு 70 சோல், அப்போதைய மதிப்பில் 1,500 ரூபாய்ச் சொச்சம். வழிகாட்டி கட்டாயமில்லை, பாதையோரக் கிராமங்களில் சோறும் படுக்கையும் கிடைக்கும், கூடாரம் சுமக்கவேண்டாம். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொல்காவின் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று எங்கும் எழுதியிருப்பார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அளவு சுற்றியுள்ள சிகரங்களிலிருந்து ஆறு வரை எடுத்தது. நடக்கிறவர்களுக்குப் பொருந்தும் எண் வேறு. பாதை தொடங்கும் கபனகோந்தே ஊர் ஏறக்குறைய 3,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடியிலுள்ள சங்காயே சோலை 2,180 மீட்டர் அளவில். வித்தியாசம் 1,100 மீட்டர். எங்கள் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அதை 13 முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு.

கொடைக்கானல் மலையில் இப்படிப்பட்ட ஆழத்தைக் கெவி என்பார்கள். கெவிக்கும் மலைக்கும் கூலி வாங்கும் முறையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. மலை முதல் நாளே முன்பணம் கேட்கும். மூச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். பள்ளத்தாக்கோ கடன் கொடுக்கும். முதல் நாள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிவிடலாம். அசலும் வட்டியும் கடைசி நாள் விடியற்காலையில், கால் ஓய்ந்தபிறகு, ஒரே தவணையாக வரும். தொழிலில் நான் அன்றாடம் பார்க்கும் விஷயம்தான். ஆனாலும் என் விஷயத்தில் அதைக் கோட்டைவிட்டேன்.

பயிற்சியிலிருந்தே தப்பு தொடங்கியது. மூன்று மாதம் வாரத்துக்கு நான்கு நாள் உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளில் ஏறினேன். நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஏறி முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, பயிற்சி முடிந்தது என்று கைப்பிடியைப் பிடித்தபடி பொத்தினாற்போல் இறங்கி வருவேன். கொல்காவில் முதலில் என்னைச் சோதித்தது ஏற்றம் இல்லை, இறக்கம். உடம்பின் முழு எடையும் முதுகுப்பையின் எடையும் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும். தொடையின் முன்தசை உறுதியாக இல்லாவிட்டால் அந்த எடையைத் தாங்குவது மூட்டுதான். ஏறுவதைப்போலவே இறங்குவதையும் முதுகில் ஆறேழு கிலோ சுமையோடு பழகியிருக்கவேண்டும்.

ஊரில் முடிக்கவேண்டிய வேலைகளில் இரண்டு எல்லோருக்கும் பொருந்தும். முதலாவது விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், சுற்றுலாவுக்குப் பெருவின் விசா தேவையில்லை. 2017 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப்போன வகையில் எங்கள் இருவரிடமும் அமெரிக்க விசா இருந்தது. இல்லாதவர்கள் டெல்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அதற்கான நாளையும் டெல்லிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொல்கா இருக்கும் வறண்ட உயர்மலைப் பகுதியில் அந்த நோய்ப் பயமில்லை. பெருவுக்குள் நுழைகையில் எங்களிடம் யாரும் கேட்கவுமில்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல். பெரு அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்திறங்குகிறவரிடம் தடுப்பூசி அட்டை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். நான் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டேன். ஊசிக்கான கட்டணத்தைவிடத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த செலவு அதிகம்.

சென்னையிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேர் விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகப் போய்வர ஆளுக்கு 1,38,000 ரூபாய் ஆனது. மொத்தச் செலவில் பெரும்பகுதி இதுதான். இதற்குப் பிறகு வரும் எல்லாமே சில்லறை. ஆனால் நம் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. லட்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டுப் பிறகு பத்து சோலுக்கு மல்லுக்கு நிற்கும். கொல்காவுக்குப் போக முதலில் அரெக்கிப்பா நகரத்துக்குப் போகவேண்டும், லிமாவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் உயரத்துக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்று தம்பி எங்கோ கேட்டு வந்திருந்தான். அந்தப் பஸ் வழியின் பெரும்பகுதி கடற்கரையை ஒட்டியே ஓடுகிறது. ஒன்றும் பழகாது. பதினைந்து பதினாறு மணி நேரம் உட்கார்ந்த முதுகுவலிதான் மிஞ்சும். ஒன்றரை மணி நேர விமானத்தில் போனோம்.

அரெக்கிப்பா அழகான ஊர். சில்யார் என்ற வெள்ளை எரிமலைக்கல்லில் கட்டிய கட்டடங்கள், தெருக்கோடியில் 5,822 மீட்டர் உயர மிஸ்தி எரிமலை. ஊரின் உயரம் 2,335 மீட்டர். ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுபோலத்தான், மூச்சில் வேறுபாடு தெரியாது. அதனால் தைரியம் வந்துவிடும். அங்கேதான் நான் என் பெரிய தப்பைச் செய்தேன்.

மொத்தப் பயணம் 11 நாள். எதிர்பாராச் செலவு என்று பணத்தில் பத்து சதவீதம் ஒதுக்கியிருந்தேன். எதிர்பாரா நாள் என்று எதையும் ஒதுக்கவில்லை. அறை வாடகை, சாப்பாடு என்று ஒவ்வொரு நாளும் செலவுதானே, அதனால் நாளைக் குறைத்தால் பணம் மிச்சம் என்பது என் கணக்கு. அரெக்கிப்பாவில் ஏஜென்சிகள் விற்கும் இரண்டு நாள் சுற்றுலா ஒன்றை, ஆளுக்கு 150 சோல் கட்டிப் பதிவு செய்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் வரும், காலையில் காண்டோர் கழுகு, அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கின் அடி, மறுநாள் விடிகாலையில் ஏற்றம், இரவுக்குள் அரெக்கிப்பா. விலையைக் கேட்டபோது யாருக்கும் ஆசை வரும். நாங்கள் அரெக்கிப்பாவில் வந்திறங்கி முப்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அரெக்கிப்பாவிலிருந்து கொல்காவுக்குப் போகும் சாலை பத்தபம்பா என்ற மேட்டைத் தாண்டிப் போகிறது. உயரம் 4,910 மீட்டர். ஏஜென்சியில் கேட்டபோது 'சும்மா கடந்து போகிற இடம்' என்றார்கள். உண்மைதான், கடந்து போகிற இடம்தான். வழியில் ஒட்டக இன விலங்கான விக்குன்யாக்கள் மேயும் வெட்டவெளியைத் தாண்டி வேன் அங்கே நின்றபோது லேசாக விடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் படம் எடுக்க இறங்கினார்கள். தம்பி இறங்கி நான்கு அடி வைத்தான், சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?"

"தலையை யாரோ உள்ளிருந்து இடிக்கிற மாதிரி இருக்கிறது அக்கா."

பிறகு வாந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு லேசான தலைவலியோடு சரி. உயரத்தால் வரும் இந்த நோய்க்கு வயது, உடற்பயிற்சி எதுவும் கணக்கில்லை. ஓட்டப் பந்தயக்காரரும் விழலாம், வெற்றிலைப் பாட்டி நடந்து போகலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் எல்லோரும் மெதுவாக ஏறவேண்டும் என்கிறார்கள்.

3,635 மீட்டரில் இருக்கும் ச்சிவாய் ஊரில் எங்களை இறக்கிவிடச் சொன்னேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் வாய் 'சிவாய நம' என்று முடித்தது தனிக்கதை. அங்கிருந்த சுகாதார நிலையத்தில் விரலில் கருவியை மாட்டினார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 79 சதவீதம். முக்கால் மணி நேரம் ஆக்சிஜன் வைத்தபின் தம்பிக்குப் பேச்சு வந்தது. என் புத்தி உடனே போன திசை, இறங்கவேண்டும், அரெக்கிப்பாவுக்கே திரும்பிவிடலாம் என்பதுதான். அங்கிருந்த செவிலியர் ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டு முக்கோணமும் நடுவில் ஒரு பள்ளமும் வரைந்து காட்டினார். அரெக்கிப்பாவுக்குத் திரும்ப அதே 4,910 மீட்டரைத் தாண்டவேண்டும். எதிர்த்திசையில் இருக்கும் கபனகோந்தேயோ ச்சிவாயைவிட ஏறக்குறைய 350 மீட்டர் தாழ்வு. இரவு ச்சிவாயில் படுத்து, காலையில் தேறியிருந்தால் அங்கே போங்கள், மோசமானால் உடனே வாருங்கள், வண்டி ஏற்பாடு செய்து அனுப்புகிறோம் என்றார். ஸ்பானிய மொழியில் எனக்குத் தெரிந்தது முப்பது சொல். அந்தப் படம் போதுமானதாக இருந்தது.

போகிறவர்கள் வரைபடத்தில் ஊர்களின் தூரத்தை எழுதுவதோடு ஒவ்வோர் ஊரின் உயரத்தையும், இரண்டு ஊருக்கு இடையில் வரும் மிக உயர்ந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது எண்தான் எங்களைச் சாய்த்தது. அரெக்கிப்பாவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழக அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். அதைப் போட்டால் விரல்நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கும், சோடா பானங்கள் சப்பென்று இருக்கும். நான் மூன்றையும் அனுபவித்தேன். அங்கே எல்லா விடுதியிலும் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அந்த ஊரில் அது நம் சுக்குக் காப்பி மாதிரி. அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். பொட்டலமாகக்கூட இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாது. கோக்கா இலை இங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

சுற்றுலாவுக்குக் கட்டிய 300 சோல் போயிற்று. நாங்கள் பாதியில் இறங்கியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள். ஆனால் 70 சோல் நுழைவுச் சீட்டு நம் பெயரில் இருப்பது. அதைத் தொலைக்காமல் வைத்திருந்ததால் கபனகோந்தேயில் மீண்டும் வாங்கவேண்டி வரவில்லை. உள்நாட்டு விமானத் தேதியை மாற்ற ஆளுக்கு 40 டாலர் தண்டம். எதிர்பாரா நாள் ஒன்றே ஒன்று ஒதுக்கியிருந்தால் இதில் பாதி மிஞ்சியிருக்கும்.

மறுநாள் தம்பி இரண்டு வாழைப்பழம் தின்றான். அது போதுமென்று பஸ் ஏறினோம். கபனகோந்தேயில் மூன்று இரவு தங்கினோம். இரண்டு பேருக்கு அறை 70 சோல், தடித்த கம்பளிகள் நான்கு. ஜூன் மாதம் மழையில்லாத காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் பாதை சரியும் என்பதால் மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. பகலில் வெயில் தோலை உரிக்கும், இரவில் வாளித் தண்ணீர் கையைக் கடிக்கும்.

ஒன்றும் செய்யாமல் இருந்த அந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஊரைச் சுற்றி மலைச்சரிவு முழுவதும் படிவயல்கள். இன்காக்களுக்கும் முந்தியவர்கள் வெட்டத் தொடங்கியவை, இன்றும் மக்காச்சோளம் விளைகிறது. கெச்சுவா மொழியில் கொல்கா என்றால் தானியம் சேமிக்கும் களஞ்சியம், நம் குதிர் போல. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் கொயாகுவா மக்கள், கீழ்ப்பகுதியில் கபனா மக்கள். பெண்களின் தொப்பியைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். கபனாக்களுடையது நூல்வேலைப்பாடு நிறைந்த வட்டத் தொப்பி, மற்றவர்களுடையது ரிப்பன் கட்டிய வெள்ளை வைக்கோல் தொப்பி. சந்தைக்கு வந்த ஒரு பாட்டி என் சேலைத்துணிப் பையைத் தடவிப் பார்த்து விலை கேட்டார். அவருடைய தொப்பியின் விலையை நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகவில்லை.

காண்டோர் முனை என்ற இடத்துக்குக் காலை பஸ்ஸில் போனோம். வெயில் பட்டுப் பாறைச்சுவர் சூடாகும்போது காற்று மேலெழும், அதில்தான் அந்தப் பறவைகள் ஏறுகின்றன. எட்டு மணி முதல் பத்து மணிக்குள் இருந்தால் பார்க்கலாம். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர். ஒன்று எங்கள் கால்மட்டத்துக்குக் கீழிருந்து எழும்பித் தலைக்கு மேல் போயிற்று. ஒருமுறைகூடச் சிறகடிக்கவில்லை. 'செலவே இல்லாமல் ஏறுகிறது பார்' என்றான் தம்பி. நான் சுகாதார நிலையச் சீட்டை நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்த நேரம்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கபனகோந்தேயில் ஏ.டி.எம். எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, பள்ளத்தாக்குக்குள் கேட்கவே வேண்டாம். அரெக்கிப்பாவில் ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் 30 சோலுக்கு மேல் கட்டணம் பிடித்தது. அதனால் ஒரே முறையில் எடுப்பது நல்லது. டாலர் கொண்டுபோனால் மடிப்போ கிழிசலோ இல்லாத புதுத் தாளாக இருக்கட்டும். நகம் அளவு கிழிந்த என் 50 டாலர் தாளை மூன்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். பத்து, இருபது சோல் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் நூறு சோல் தாளுக்குச் சில்லறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கபனகோந்தேக்கு வந்த நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு மாற்றுடை, கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, மருந்து. பெரிய பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டோம், அதற்குக் காசு வாங்கவில்லை. பாதை தெளிவாக இருக்கிறது, ஆனால் நிழல் என்று ஒன்று கிடையாது. சரளைக்கல் உருளும். எதிர்ச்சரிவில் கிராமங்கள் தீப்பெட்டிபோலத் தெரியும், இரண்டு மணி நேரம் நடந்தபிறகும் அதே தீப்பெட்டிதான். ஊன்றுகோல்களை அரெக்கிப்பாவில் வாடகைக்குக் கொடுத்தார்கள். நாளைக்கு 10 சோல் என்றதும் வேண்டாமென்று சொன்னவள் நான்தான். கபனகோந்தேக் கடையில் 5 சோலுக்கு ஒரு மூங்கில்கழி வாங்கிக்கொண்டேன். ஒற்றைக் கழி எடையை ஒரு காலுக்கு மட்டும் குறைக்கும். இன்னொரு கால் அதைக் குறித்து வைத்துக்கொண்டது.

மற்றவர்கள் நான்கு மணி நேரத்தில் போவதை நாங்கள் ஆறு மணி நேரத்தில் போனோம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து சிறிது ஏறினால் சான் ஹுவான் தே சூச்சோ. அத்தி, வெண்ணெய்ப்பழ மரங்களுக்கு நடுவே நாலைந்து விடுதிகள். இரவு உணவு, காலை உணவு, படுக்கை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 சோல். மேலே 5 சோலுக்கு வாங்கிய தண்ணீர்க்குப்பி இங்கே 12 சோல். விலையைக் கேட்டு என் புருவம் உயர்ந்ததைப் பார்த்துவிட்டு, விடுதிக்காரம்மா முற்றத்தில் நின்ற கோவேறு கழுதையைக் கையால் காட்டினார். பீர், முட்டை, எரிவாயு உருளை எல்லாம் அதன் முதுகில்தான் வருகின்றன. நான் பேரம் பேசவில்லை. சுத்திகரிப்பு மாத்திரை வாங்கிப் போயிருந்தால் குழாய்த் தண்ணீரே போதுமாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியிலிருந்து வெள்ளைப் பொட்டாக ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். மருதாணியைவிடச் சிவப்பு. கொச்சினீல் பூச்சி. இதைச் சேகரித்து விற்பது இங்கே பலருக்கு வருமானம், உதட்டுச்சாயத்திலும் சில இனிப்புகளிலும் இந்தச் சிவப்புத்தான் சேர்கிறது. தம்பி சுத்த சைவம். லிமாவில் அவன் தின்ற இளஞ்சிவப்புத் தயிர்க்குப்பிகளை எண்ணிப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சைவர்களுக்கு ஒரு சொல். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், கோழியைப் போட்டுத் தருவார்கள். அவர்கள் பேச்சில் கார்னே என்றால் மாடு, ஆடு வகைதான். 'நி பொயோ, நி பெஸ்காதோ', கோழியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். நகரங்களில் சிஃபா என்ற சீன-பெருவியச் சாப்பாட்டுக்கடைகள் நம்மைக் காப்பாற்றும். காய்கறி போட்ட வறுத்த சோறு ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். பள்ளத்தாக்குக்குள் கினோவா சூப்பு, உருளைக்கிழங்கு, சோறு. மூன்று வேளையும் அதேதான். நான் கொண்டுபோயிருந்த கால் கிலோ பருப்புப்பொடியை இரண்டாம் வேளையிலேயே விடுதிக்காரர்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் நடை எளிது. கோஸ்ஞிர்வா, மலாட்டா என்ற கிராமங்கள் வழியாக ஓரளவு சமமாகப் போய்க் கடைசியில் ஆற்றுக்கு இறங்குகிறது. அந்தக் கடைசி இறக்கத்தில் என் இடது முழங்கால் மடங்க மறுத்தது. சங்காயே சோலையில் பனைமரங்களும் ஊற்றுநீர்க் குளங்களும் இருந்தன. சுற்றிலும் காய்ந்த பாறையாக இருக்க, இது மட்டும் பச்சைத்துணியை உதறிப் போட்டதுபோல் கிடந்தது. ஐரோப்பியப் பிள்ளைகள் குளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் காலைக் குளத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, நாளை ஏறவேண்டிய சுவரைப் பார்த்தேன். பாதை வளைந்து வளைந்து மேகம் வரைக்கும் போயிற்று.

மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து யாருக்கு நாளைக்கு விலங்கு வேண்டும் என்று கேட்டார். முன்னிரவே சொல்லிவிடவேண்டும். விடிந்தபின் கேட்டால் கிடைக்காது. நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். தம்பி எழுந்து போய் அவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான்.

"என்ன சொன்னாய்?"

"ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். உனக்கு."

"எழுபது சோல்டா."

"ச்சிவாயில் எனக்காக எவ்வளவு செலவழித்தாய்? அதை நோட்டில் என் பெயரிலா எழுதினாய்?"

அவன் நாலரை மணிக்குத் தலைவிளக்கோடு நடக்கத் தொடங்கினான். நான் ஐந்தரைக்கு ஏறி உட்கார்ந்தேன். கோவேறு கழுதைக்கு ஒரு பழக்கம், பாதையின் உட்பக்கம் விட்டுவிட்டு விளிம்பை ஒட்டியே நடக்கும். திருப்பங்களில் என் வலது காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. 'கண்ணை மூடிக்கொள்' என்று அதன் உரிமையாளர் சைகை காட்டினார். மூடினால் இன்னும் மோசம். பாதி வழியில் தம்பியைக் கடந்தோம். மூச்சிரைத்தாலும் உதடு சிவப்பாகத்தான் இருந்தது, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். ஆறு நாள் முன்பு கல்லில் சரிந்தவன் அந்த 1,100 மீட்டரை மூன்றேகால் மணி நேரத்தில் ஏறி வந்தான்.

கபனகோந்தேச் சதுக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கொல்காவுக்கென்று நான் போட்டிருந்த திட்டம் ஆளுக்கு 270 சோல். ஆனது 818, அதாவது 18,000 ரூபாய், விமானத் தண்டம் சேர்க்காமல். போன சுற்றுலாப் பணம், சுகாதார நிலையம், ச்சிவாய் அறை எல்லாவற்றையும் கழித்து, கோவேறு கழுதையைக் கழிக்காமல் பார்த்தால், 600 சோல் சுற்றளவில் நிற்கிறது. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு நிதானமாகப் போய்வரலாம். காப்பீட்டைத் தனியாகப் பாருங்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலைநடை விலக்கப்பட்டிருக்கும், அல்லது இத்தனை மீட்டருக்கு மேல் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருந்தது. ஊருக்கு வந்தபிறகுதான் படித்தேன்.

பகல் பஸ்ஸில் அரெக்கிப்பாவுக்குத் திரும்பினோம், 25 சோல். ச்சிவாயைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் நான் பிளாஸ்டிக் பை, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தொலைவில் சபன்காயா எரிமலை புகைந்துகொண்டிருந்தது. பத்தபம்பாவில் யாரோ இறங்க வண்டி நின்றது, கதவு திறந்து குளிர்க்காற்று உள்ளே அடித்தது. திரும்பிப் பார்த்தேன். தம்பி சன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.